பல்கலைக்கழகத்துக் கூட்டங்களுக்கு நாமும் போவோம்

(தில்லி வாழ் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் மார்கழி மாதக் கூட்டத்தில், சங்கச் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



போன மாதக் கூட்டத்தில் செயற்குழு ஒரு யோசனையைச் சொன்னது. வரும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கக்கூடிய பொதுக்கூட்டங்கள், சொற்பொழிவுகள், விழாக்கள் இவற்றுக்கு நம் குடும்பங்கள் சேர்ந்து போய்வர வேண்டும் என்பதே அந்த யோசனை. சொல்லி முடிப்பதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "வீடு இடிஞ்சு கிடக்கு, நீங்க பேச்சுக் கேக்கப் போகச் சொல்றீங்களே!" இன்னொரு தாயார் கேட்டார்: "காலையில அஞ்சு மணிக்குப் பாத்திரம் தேய்க்கப் போறவளுக்கு ராத்திரி பத்து மணிக்கு என்ன சொற்பொழிவு?"

இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றுக்கு மறுமொழி சொல்லாமல் பஸ்ஸுக்குப் பணம் வசூலிக்க நமக்கு உரிமை இல்லை. ஆகவே இன்றைய பேச்சு முழுவதும் அந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே இருக்கும்.

முதலில் வீட்டுக் கேள்வி. 2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புரா மதராஸி கேம்ப்பில் புல்டோசர் வந்து நின்றதை நம்மில் பலர் நேரில் பார்த்தோம். பாராபுல்லா வடிகால் ஓரத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்த குடியிருப்பு அது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, சேலம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் வேர்விட்ட இடம். ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றில் பாதியை ஒட்டிய குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்றார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. தகுதி கிடைத்தவர்களுக்கும் நரேலா என்பது நகரத்தின் மறுகோடி. ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் வீட்டு வேலை பார்க்கிற பெண் அங்கிருந்து எப்படி விடியுமுன் வந்து சேருவாள் என்று கேட்க ஆள் இல்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. தகுதி உள்ளவன், தகுதி இல்லாதவன் என்று பிரித்தது எந்த அளவுகோல்? 2015ஆம் ஆண்டின் தில்லி குடிசைப் பகுதி மறுவாழ்வுக் கொள்கை. அந்தக் கொள்கையில் இரண்டு தேதிகள் இருக்கின்றன. குடியிருப்பு 2006 ஜனவரி 1க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதற்குள் உள்ள தனி வீடு 2015 ஜனவரி 1க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதற்கு மேல் வாக்காளர் பட்டியலில் பெயர், குறிப்பிட்ட ஆவணங்கள் என்று வரிசையாக நிபந்தனைகள். இந்த விதியைத் தமிழில் எழுதி நம் கையில் யார் கொடுத்தார்கள்? வாடகைக்கு வேறு தெருவுக்கு மாறியபோது வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் பத்தாண்டு கழித்து வீடே போகும் என்று யார் சொன்னார்கள்?

சொல்ல ஆள் இல்லாமலில்லை. 2010இல் சுதாமா சிங் வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம், குடிசைகளை அகற்றுமுன் கணக்கெடுக்க வேண்டும், குடியிருப்போரோடு கலந்து பேச வேண்டும், மறுவாழ்வுக்கு வழி செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2019இல் அஜய் மாக்கன் வழக்கில், சகூர் பஸ்தி இடிப்பு தொடர்பாக, அதே நீதிமன்றம் அந்தக் கருத்தை இன்னும் விரித்து உறுதிசெய்தது. குடிசைவாசியை வெறும் ஆக்கிரமிப்பாளனாகப் பார்க்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் உள்ளடக்கம். சட்டம், ஆட்சிமுறை பற்றி ஆராய்வதற்கென்றே ஜே.என்.யு.வில் தனி மையம் இருக்கிறது. இப்படிப்பட்ட தீர்ப்புகளை அலசுவது அங்குள்ளவர்களின் அன்றாட வேலை. கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். ஆனால் எந்தப் பேச்சு நம்மைப் பற்றியதோ அந்தப் பேச்சு நடக்கும் கூடத்தில் நம் ஆட்கள் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. தேநீர் கொண்டுவந்து வைப்பவர் மட்டும் ஒருவேளை நம்மவராக இருக்கலாம்.

இதுதான் முதல் கேள்விக்கு நம் மறுமொழி. வீடு இடிந்ததனாலேயே போக வேண்டும் என்கிறோம்.

இப்போது அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்மில் பலர் முனிர்க்கா வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருப்போம். மதிற்சுவரைத்தான் பார்த்திருப்போம். உள்ளே சுமார் ஆயிரம் ஏக்கர், பாறையும் முள்காடும் மயிலும். 1966இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உண்டானது, 1969இல் தொடங்கியது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில், நேரு எந்தக் கொள்கைகளுக்காக வாழ்ந்தாரோ அவற்றைக் கற்பது இந்தப் பல்கலைக்கழகத்தின் வேலை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்: தேச ஒருமைப்பாடு, சமூக நீதி, மதச்சார்பின்மை, ஜனநாயக வாழ்க்கைமுறை, சர்வதேச நல்லுணர்வு, சமுதாயப் பிரச்சினைகளை விஞ்ஞானக் கண்ணோடு அணுகுதல். நாட்டின் சமூகத் தேவைகளை மாணவரும் ஆசிரியரும் உணரும்படி செய்ய வேண்டும் என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது. அந்தச் சமூகத் தேவை என்பது நாம்தான். நம்மை அறியாமல் அந்தச் சட்டக் கடமையை அவர்களால் நிறைவேற்ற முடியாது.

அங்கே விடுதிகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர். கங்கா, ஜீலம், சட்லஜ், கோதாவரி, நர்மதா, சபர்மதி, தப்தி. நம் காவேரியும் உண்டு. பெரியார் என்றும் ஒரு விடுதி உண்டு. நம் இளைஞர் ஒருவர் அதைக் கேட்டதும் கைதட்டிவிட்டார். ஈரோட்டுப் பெரியார் இல்லை தம்பி, கேரளத்தில் ஓடுகிற பெரியாறு. ஆனாலும் அந்தப் பெயரைப் பார்த்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷம் வரத்தான் செய்கிறது. அதை யாரும் தடுக்க முடியாது.

அங்கே நடக்கும் கூட்டங்களில் பல வகை. பிற்பகலில் துறைக் கூடங்களில் நடக்கும் கருத்தரங்குகள் ஒரு வகை. வெளியூர்ப் பேராசிரியர் வருவார், ஆங்கிலத்தில் கட்டுரை படிப்பார், முடிவில் கேள்விகள். நமக்கு அது எட்டாது. வேலை நேரமும் கூட. இரண்டாவது வகை, விடுதி மெஸ்ஸில் இரவுச் சாப்பாடு முடிந்தபின் நடக்கும் கூட்டம். ஜே.என்.யு.வுக்கே உரிய பழக்கம் என்று இதைச் சொல்லலாம். இரவு 9, 9.30 மணிக்கு மேசைகளைத் தள்ளிப் போட்டுவிட்டு, சாப்பாட்டு வாசனை போகுமுன்பே கூட்டம் தொடங்கிவிடும். அன்று மாலைச் சாப்பாட்டின்போதே துண்டுப் பிரசுரம் மேசைக்கு மேசை வந்திருக்கும். பேச வருபவர் அமைச்சராக இருக்கலாம், தொழிற்சங்கத் தலைவராக இருக்கலாம், நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கலாம், எழுத்தாளராக இருக்கலாம். மாலை, பொன்னாடை, 'அவர்களே, இவர்களே' என்று அரை மணி நேர விளிப்பு, எதுவும் கிடையாது. பேசி முடித்த பிறகுதான் கூட்டமே ஆரம்பம் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். முதலாம் ஆண்டு மாணவி எழுந்து தலைவரைக் குறுக்குக் கேள்வி கேட்பாள். பதில் சொல்லாமல் அவரால் போக முடியாது. நள்ளிரவு தாண்டும்.

நம் சங்கக் கூட்டங்களில் பேசுகிறவர் பேசிவிட்டு, நன்றியுரை முடிந்து, காபி குடித்துக் கலைகிறோமே, அதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மேஸ்திரியிடமும் கான்ட்ராக்டரிடமும் வாய் திறக்காமல் இருந்து இருந்து வந்த பழக்கம் அது. நம் பிள்ளைகளாவது அதை விட வேண்டுமென்றால் கேள்வி கேட்கும் இடத்தில் கொஞ்ச நேரம் அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மாணவர் பேரவைத் தேர்தலுக்கு முன் நடக்கும் தலைவர் வேட்பாளர் விவாதம். அந்தத் தேர்தலை நடத்தும் குழுவே மாணவர்களால் ஆனது. திறந்த வெளியில் வேட்பாளர்கள் எல்லாரும் ஒரே மேடையில் ஏறி, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு, கூட்டத்தின் கேள்விகளுக்கும் பதில் சொல்வார்கள். தாரை தப்பட்டை, கோஷம் எல்லாம் உண்டு. நம் வார்டு தேர்தலில் நிற்கிறவர்கள் இப்படி ஒரு மேடையில் ஏறி நம் கேள்விக்குப் பதில் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! அந்தத் தேர்தலும் இடையூறில்லாமல் நடந்துகொண்டிருக்கவில்லை. லிங்டோ குழுப் பரிந்துரை தொடர்பான தடையால் 2008 முதல் 2012 வரை தேர்தல் இல்லை. 2019க்குப் பிறகு மறுபடி நின்று 2024 மார்ச்சில்தான் நடந்தது. அந்த முறை ஒரு தலித் மாணவர் தலைவராக வந்தார். 1996க்குப் பிறகு அதுவே முதல் முறை.

பழைய கதை ஒன்று. 1977இல் நெருக்கடி நிலை முடிந்து இந்திரா காந்தி தோற்றுப்போனார், ஆனால் ஜே.என்.யு.வின் வேந்தர் பதவியை விடவில்லை. மாணவர்கள் ஊர்வலமாக அவர் வீட்டுக்கே போனார்கள். அவர் வெளியே வந்து நின்றார். அவர் முகத்துக்கு நேராக நின்று, பதவி விலகக் கோரும் மனுவை மாணவர் தலைவர் படித்தார். படித்தவர் சீதாராம் யெச்சூரி, சென்னையில் பிறந்தவர். இந்திரா காந்தி பின்னர் பதவி விலகினார். யெச்சூரியின் கட்சியை நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். அதிகாரத்தில் இருந்தவரின் முன் நின்று காகிதத்தைப் பிரித்து நிதானமாகப் படித்தாரே, அந்தத் தைரியம் மெஸ் கூட்டங்களில் பழகி வந்தது.

2016 பிப்ரவரியிலும் இதைப் பார்த்தோம். மாணவர் தலைவர் தேசத் துரோக வழக்கில் கைதாகி, தொலைக்காட்சிகளில் அந்தப் பல்கலைக்கழகமே குற்றவாளிபோல் நிறுத்தப்பட்டபோது, ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? நிர்வாகக் கட்டடத்துப் படிக்கட்டில் ஒலிபெருக்கி வைத்து, தேசியம் என்றால் என்ன என்று தினமும் மாலையில் வகுப்பு எடுத்தார்கள். யாரும் வந்து கேட்கலாம். குளிரில் தரையில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கானோர் கேட்டார்கள். அந்தச் சொற்பொழிவுகள் பின்னால் புத்தகமாகவும் வந்தன. ஏசுகிறவனுக்குப் பாடம் நடத்தியே பதில் சொன்ன விதம் நமக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அங்கே எல்லாம் பாலும் தேனும் என்று நாம் சொல்லவில்லை. 2023 பிப்ரவரியில் மாணவர் பேரவை அலுவலகத்தில் பெரியார் படம் சேதப்படுத்தப்பட்டது. தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. தமிழ்நாட்டு முதலமைச்சர் கண்டித்தார். அதே ஆண்டின் இறுதியில், கல்விக் கட்டடங்களுக்கு 100 மீட்டருக்குள் தர்ணா இருந்தால் 20,000 ரூபாய் வரை அபராதம் என்று விதி வகுத்தார்கள். இது அந்த ஓர் இடத்துக் கதையும் அல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் 2015 ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர்–பெரியார் வாசகர் வட்டம் ஒரு சொற்பொழிவு ஏற்பாடு செய்து துண்டுப் பிரசுரம் வெளியிட்டது. பெயர் போடாத புகார்க் கடிதம் தில்லி அமைச்சகத்துக்குப் போக, அங்கிருந்து கடிதம் வர, மே மாதம் வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். நாடு முழுதும் எதிர்ப்புக் கிளம்பியதும் ஜூன் முதல் வாரத்தில் திரும்பக் கொடுத்தார்கள். ஒரு துண்டுப் பிரசுரத்துக்கு இவ்வளவு பயம்! பேச்சுக்குப் பலம் இல்லை என்று நாம்தான் நினைக்கிறோம். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் அப்படி நினைப்பதில்லை.

இனி நம் தோழர் ஒருவர் எழுப்பிய வேறு ஒரு சந்தேகம்: "அவங்க படிச்சவங்க, நாம கூலி. நமக்கும் அவங்களுக்கும் என்ன?" அந்த வளாகத்தின் செங்கல்லை அடுக்கியவர்கள் யார்? 2007இல் அங்கே கட்டட வேலை செய்த தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுக்கவில்லை என்று மாணவர்கள் போராடினார்கள். அதற்காகச் சிலர் பல்கலைக்கழகத்தை விட்டு நீக்கும் தண்டனைவரை பெற்றார்கள். கூலி யாருடையது, தண்டனை யாருக்கு என்று பாருங்கள். இன்னும் ஒரு கணக்கு. 2017–18 ஆண்டறிக்கையின்படி அந்த ஆண்டு அங்கே சேர்ந்தவர்களில் சுமார் 40 விழுக்காட்டினரின் குடும்ப வருமானம் மாதம் 12,000 ரூபாய்க்கும் கீழே. நம் வீடுகளைப் போன்ற வீடுகள்தான். பின்தங்கிய மாவட்டத்தாருக்கு நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் கொடுக்கும் முறை அங்கே பல காலம் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். 2019 அக்டோபரில் விடுதி அறை வாடகையை மாதம் 20 ரூபாயிலிருந்து 600 ரூபாயாகவும், இருவர் அறைக்கு 10 ரூபாயிலிருந்து 300 ரூபாயாகவும் உயர்த்தி, அதன்மேல் மாதம் 1,700 ரூபாய் சேவைக் கட்டணமும் போட்டபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தடியடி பட்டார்கள். 2020 ஜனவரியில் தில்லி உயர்நீதிமன்றம் பழைய கட்டணத்திலேயே பதிவு செய்யலாம் என்று இடைக்கால உத்தரவு தந்தது. "வரிப்பணத்தில் படித்துக்கொண்டு ஆர்ப்பாட்டமா" என்று அப்போது பலர் கேலி செய்தார்கள். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற நாம் சொல்கிறோம்: எங்கள் வரிப்பணத்தில் ஏழை வீட்டுப் பிள்ளை 20 ரூபாய் வாடகையில் தங்கிப் படித்தால் எங்களுக்குச் சம்மதம்!

இப்போது இரண்டாவது கேள்வி. நேரம். அந்தத் தாயார் சொன்னது முழுக்கச் சரி. இரவு 9.30 கூட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை வரச் சொல்வது அநியாயம். ஆகவே அங்குள்ள தமிழ் மாணவர்களிடம் செயற்குழு பேசியது. அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். சனி மாலையோ ஞாயிறு பகலோ நடக்கும் கூட்டங்களை மட்டும் நமக்கு முன்கூட்டித் தெரிவிப்பார்கள். இரவுக் கூட்டத்துக்குப் போக விரும்பும் இளைஞர்கள் தனியாகப் போகட்டும். போகிறவர்கள் நான்கு பேருக்குக் குறையாமல் போக வேண்டும், திரும்பும் வண்டிக்கு முதலிலேயே பேசிவைக்க வேண்டும்.

எந்தெந்த நாட்கள்? ஜனவரி முதல் வாரம் விடுமுறைக் காலமாதலால் ஜனவரி 3, சாவித்திரிபாய் புலே பிறந்த நாளை நாம் இங்கேயே கொண்டாடுவோம். புனேயில் 1848இல் பெண்களுக்குப் பள்ளி நடத்தியவர், போகிற வழியில் சாணி எறிந்தவர்களையும் பொருட்படுத்தாமல் போனவர். பள்ளிக்கூடம் போகாத நம் தாய்மார்களே அன்று தலைமை வகிக்கட்டும். தை முதல் நாளை ஒட்டி வளாகத்தில் தமிழ் மாணவர்கள் பொங்கல் வைப்பது வழக்கம். அதற்குக் குழந்தைகளோடு எல்லாரும் போகலாம். முதல் முறை போவதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது, ஏனென்றால் அங்கே யாரும் ஆங்கிலத்தில் கட்டுரை படிக்கப்போவதில்லை. பானையும் கரும்பும் அவர்களிடம் இருக்கும்; கோலம் போடத் தெரிந்தவர்கள் நம்மிடம்தான் இருக்கிறார்கள். பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். 1952இல் டாக்காவில் வங்க மொழிக்காக மாணவர்கள் குண்டடிபட்டு இறந்த நாள். மொழிக்காகச் செத்தவர்கள் நம் மண்ணில் மட்டும் இல்லை என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். மார்ச் 8 உழைக்கும் மகளிர் நாள். மார்ச் 23 பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் தூக்கிலேறிய நாள். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாள். இந்த நாட்களை ஒட்டிப் பல அமைப்புகள் அங்கே கூட்டம் நடத்துவது உண்டு. இடமும் மணியும் சில நாள் முன்னால்தான் முடிவாகும். தெரிந்தவுடன் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவோம். எந்த அமைப்புக் கூட்டத்துக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்று சங்கம் தடை போடாது. எல்லாரும் சொல்வதைக் கேட்கலாம். கொடி பிடிப்பது அவரவர் விருப்பம்.

போகும் வழி பற்றியும் சொல்லிவிடுகிறோம். 615ஆம் எண் பஸ் வளாகத்துக்குள்ளேயே போகும். மெட்ரோவில் வருகிறவர்கள் முனிர்க்காவில் இறங்கலாம். பிரதான வாசலில் காவலர்கள் பெயர், செல்பேசி எண், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுவார்கள்; உள்ளே இருப்பவர் ஒருவர் உறுதி சொன்ன பிறகு விடுவார்கள். அது எல்லாருக்கும் உள்ள முறை, நமக்கு மட்டும் அல்ல. அடையாள அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். தைரியமாகச் சொல்லுங்கள்: கூட்டத்துக்கு வந்திருக்கிறோம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், இந்த நகரத்தில் வேறொரு கல்விக்கூடத்தில் — பெயர் வேண்டாம் — பொதுச் சொற்பொழிவு கேட்கப் போன நம் பெண்கள் இருவரை வாசலிலேயே நிறுத்தி, "துப்புரவு வேலைக்கு வர்றவங்க வாசல் பின்னாடி" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் வீடு திரும்பிவிட்டார்கள். புடவையைப் பார்த்தே முடிவு செய்துவிட்டான் காவலாளி. அவனும் நம்மைப் போலக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவன்தான், அதுதான் வேடிக்கை. அன்றிலிருந்து அந்த இருவரும் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. இம்முறை அவர்கள் நம்மோடு வர வேண்டும், நடுவில் நடக்க வேண்டும் என்று செயற்குழு நேரில் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒருவர் வருகிறேன் என்றிருக்கிறார்.

மொழிச் சிக்கல் பெரிது. கூட்டங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் நடக்கும். இந்தி நம்மில் பெரும்பாலோர் பேசுவோம். ஆனால் மேடை இந்தி வேறு, காய்கறிச் சந்தை இந்தி வேறு. தமிழ்நாடு அரசின் கொடையில் அமைந்த தமிழ் இருக்கை அங்கே உண்டு. ஆராய்ச்சி செய்யும் தமிழ் மாணவர்களும் கணிசமாக உண்டு. அவர்களிடம் நாம் வைத்த கோரிக்கை: நாங்கள் பத்துப் பேர் ஒரு மூலையில் உட்கார்ந்தால் உங்களில் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து மெதுவாகத் தமிழில் சொல்ல வேண்டும். இலக்கணத் தமிழ் வேண்டாம், புரிகிற தமிழ் போதும். சம்மதித்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தை ஆராய்கிறவருக்கு வீட்டுவசதிக் கொள்கையை மொழிபெயர்ப்பது கஷ்டமாக இருக்கலாம், பரவாயில்லை, அவரும் கற்றுக்கொள்ளட்டும்.

அங்குள்ளவர்களிடம் நமக்குக் குறையும் உண்டு. அதையும் போய்ச் சொல்ல வேண்டும். நம் தெருவுக்குக் கேள்வித்தாளோடு வருகிறார்கள். குடும்பத்தில் எத்தனை பேர், கழிவறை உண்டா, கடன் எவ்வளவு, கணவர் குடிப்பாரா என்று ஒன்றுவிடாமல் கேட்கிறார்கள். நாமும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து சொல்கிறோம். அதற்குப் பின் அவர்களைக் கண்ணால் காண்பதில்லை. பட்டம் வாங்கியிருப்பார்கள், நல்லது. நாம் சொன்னதிலிருந்து என்ன கண்டுபிடித்தார்கள் என்று திரும்பி வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நமக்குச் சொல்லக்கூடாதா? ஏழ்மையைப் பற்றிப் பேசும் மேடையில் ஏழையை ஒரு பத்து நிமிடம் பேசவிடக் கூடாதா? கேட்பவர்களாக மட்டும் போனால் போதாது. நம்மில் இரண்டு பேர் பேசவும் வேண்டும். மதராஸி கேம்ப்பில் பொருட்களை எடுக்கக் கிடைத்த நேரம் எவ்வளவு, ரேஷன் கார்டு மாற்ற எத்தனை நாள் அலைந்தார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்ன ஆனது என்பதை அனுபவித்தவர்களைத் தவிர வேறு எந்தப் பேராசிரியர் சொல்ல முடியும்?

பள்ளிக்கூடம் என்றதும் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறோம். தில்லியில் தமிழ்க் கல்விக் கழகம் 1923இல் தொடங்கியது. இன்று ஏழு பள்ளிகள் நடத்துகிறது. லோதி எஸ்டேட் பள்ளியில்தான் மதராஸி கேம்ப் பிள்ளைகள் பலர் படித்தார்கள். நரேலாவிலிருந்து அந்தப் பள்ளிக்கு எப்படி வருவார்கள் என்பதே பெரிய பிரச்சினை. அது பற்றிச் சங்கம் மனு கொடுத்திருக்கிறது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின்? அதற்குமேல் அலுவலகப் பையன் வேலையா, வீட்டு வேலையா என்று அங்கேயே நின்றுவிடுகிறோம். 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கைக்கு ஒரே பொது நுழைவுத் தேர்வு வந்திருக்கிறது. அந்த முறையைப் பற்றி நமக்கு மாறுபட்ட கருத்து உண்டு. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுகிறவனுக்கே அது சாதகம். இருந்தாலும் அதை 13 மொழிகளில் எழுதலாம், தமிழும் அதில் ஒன்று என்பதை எத்தனை வீடுகள் அறியும்? பொங்கலன்று வளாகத்துக்கு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளை, ஊருக்குப் புதிதாக வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் கூலிக்காரர் வீட்டு மாணவன் ஒருவனோடு அரை மணி நேரம் பேசினால் போதும். எந்த விண்ணப்பம், எந்த மாதம், எந்தச் சான்றிதழ் என்பதெல்லாம் அவன் வாயிலிருந்தே வந்துவிடும். சாதிச் சான்றிதழ் விஷயத்தை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறோம்: ஊரில் வாங்கிய சான்றிதழ் இங்கே எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதில் பல குடும்பங்கள் கடைசி நேரத்தில் தவிக்கின்றன. அதை அந்தந்தப் பிள்ளைக்குத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வரும்போது இருக்கிற காகிதங்களின் நகலைக் கொண்டு வாருங்கள்.

நூலகம் ஒன்றையும் காட்டச் சொல்லியிருக்கிறோம். அம்பேத்கர் பெயரில் ஒன்பது மாடி நூலகம். உள்ளே போக அனுமதி கிடைக்காமல் போகலாம். வெளியிலிருந்தாவது பிள்ளைகள் பார்க்கட்டும், இரவு விளக்கெரியும் ஜன்னல்களை.

செயற்குழுவின் தீர்மானங்கள் இரண்டு. ஒன்று, மார்ச் மாதத்துக்குள் வீட்டுரிமை பற்றி வளாகத்தில் ஒரு பொதுக்கூட்டம் ஏற்பாடு செய்யும்படி மாணவர்களையும் ஆசிரியர்களையும் கேட்பது. அதில் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும், இடிபட்ட பகுதியிலிருந்து ஒரு பெண்ணும் ஓர் ஆணும் பேச வேண்டும். இரண்டு, அதே பேச்சை அடுத்த ஞாயிறு நம் பகுதியில் நடத்துவது. அவர்கள் வர வேண்டும், நம் பாயில் உட்கார வேண்டும், நாம் கேள்வி கேட்போம். 2015 கொள்கையின் நிபந்தனைகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு வீட்டுக்கு வீடு கொடுக்கும் பொறுப்பைச் சட்டம் படிக்கும் தமிழ் மாணவர்களிடம் கேட்டிருக்கிறோம். இன்னும் இடிபடாத குடியிருப்புகளில் இருப்பவர்களுக்குத்தான் அது அவசரம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள், கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

பொங்கல் நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் வியாழனுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 50 ரூபாய், பிள்ளைகளுக்கு இல்லை. 50 ரூபாய் இல்லாதவர்கள் பொருளாளரிடம் தனியாகச் சொன்னால் போதும், பெயர் வெளியே வராது. நரேலாவில் இருப்பவர்களுக்குத் தனி வண்டி காலை 7 மணிக்கு. மற்றவர்களுக்கு சங்க அலுவலக வாசலிலிருந்து 9 மணிக்கு. தை மாதக் குளிர் அங்கே பாறைமேட்டில் அதிகமாக இருக்கும், குழந்தைகளுக்குக் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். கோலமாவு கொண்டுவருகிறவர்கள் யார் என்று இப்போதே கையை உயர்த்துங்கள்.